உங்கள் துணை இன்று முடித்துவிட்டார்

ஜூன் 3

டேய் வாலு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போனை அணைத்து பீரோவில் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். கூப்பிட்டுப் பார்க்காதே. உன் மாமாவின் போனுக்குக் கூப்பிட்டாலும் நான் வந்து பேசமாட்டேன்.

நேற்று லேபுக்கு ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு பெண் கவுன்ட்டரில் என்னையே உற்று உற்றுப் பார்த்தாள். "நீங்கதானே அந்த வீடியோல வர்றவங்க? பக்கவாதம் வந்தும் நூத்தி அறுபது நாள், ஒரு நாள்கூட விடாம கைப்பயிற்சி பண்ணீங்களாமே!" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளே தன் போனில் போட்டுக் காட்டினாள். பெரிய மேடை. நீ கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். உன் பின்னால் சுவர் உயரத்துக்கு என் முகம். மாடியில் துணி காயப்போடும்போது நீ விளையாட்டாக எடுத்த படம் அது. "ரத்தம் எடுக்கும் வேலை செய்தவர். அந்த வலது கை மறுபடியும் ஊசி பிடிக்கத் தயாராகிறது" என்று சொல்கிறாய். கூட்டமே எழுந்து நின்று கைதட்டுகிறது.

யாரைக் கேட்டுப் போட்டாய்? அதை எடுத்துவிடு. இந்த வாரமே எடுத்துவிடு. காரணம் கேட்காதே.

இன்னொரு விஷயம். உங்கள் கம்பெனியின் பயிற்சி ஆப்பில் எனக்குத் துணையாகப் போட்டிருக்கிறீர்களே, ஏணி என்று ஒரு ஆள். என் பெயர் அதில் ஊசி. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு நாளாக ஏணியிடமிருந்து பயிற்சி முடித்ததற்கான டிக் இல்லை, பேச்சு இல்லை. எண்ணிக்கை இரண்டு பேருக்கும் பூஜ்யமாகிவிட்டது. அது போகட்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உன்னால் உள்ளே பார்க்க முடியும் அல்லவா? பார்த்துச் சொல்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதிய கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்ததும், ஏதோ பாம்பு வந்த மாதிரி ஆபீஸே கூடிவிட்டது. பதிலையும் கையாலேயே எழுதுகிறேன். படிப்பு முடித்த பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை.

கேட்காமல் போட்டது தப்புதான். வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன். விளம்பரப் பிரிவு ஒரு வாரம் கேட்கிறது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீ கூச்சப்படுகிற ஆளா? தெருவே கேட்கும்படி சிரிக்கிறவள். உன்னை நல்லபடியாகச் சொன்னதற்கா இவ்வளவு கோபம்?

உன்னை ஏன் காட்டினேன் என்று சொல்கிறேன். நான் சமூக உளவியல் படித்தபோது, "அது என்ன, ஊர் வம்பைப் படிக்கிற படிப்பா?" என்று கிண்டலடிப்பாய். கிட்டத்தட்ட அதேதான். மனிதன் தனியாக ஒரு குறிக்கோள் வைத்தால் மூன்றாம் வாரம் கைவிடுகிறான். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுகிறான். தன்னை நம்பி இன்னொருவர் இருக்கிறார் என்றால் விடவே மாட்டேன் என்கிறான். அதனால்தான் முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கோத்துவிட்டோம். ஒருவர் ஒரு நாள் விட்டாலும் இரண்டு பேருக்கும் எண்ணிக்கை பூஜ்யம். ஒருவர் முடித்ததும் மற்றவருக்கு, "உங்கள் துணை இன்று முடித்துவிட்டார். நீங்கள்?" என்று செய்தி போகும். அந்த வரி என்னுடையது. முன்பு நூறு பேரில் பத்துப் பேர்தான் மூன்று மாதம் தாண்டுவார்கள். கோத்த பிறகு அறுபது பேர். அந்த அறுபதுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஏணியைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. யாருடைய விவரத்தையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் உனக்கு லேபில் ஊசித் தேர்வு இருக்கிறதே, அதைக் கவனி. நூற்று அறுபது நாள் செய்த கை உன்னைக் கைவிடாது.

வாலு


ஜூன் 14

தம்பி,

அந்தக் கடைசி வரியை நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன்.

நூற்று அறுபது நாள் நான் செய்யவில்லை. அறுபத்தொரு நாள் செய்தேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் டிக் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், உன் ஆப் வருவதற்கு முன்பு, சமையல்மேடையில் இரண்டு கிண்ணம் வைத்துக்கொள்வேன். ஒன்றில் ஐம்பது பாசிமணி. வலது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். பாதி மணி தரையில் உருளும். உன் மாமா முட்டி போட்டுப் பொறுக்குவார், நான் மணியைத் திட்டுவேன், அவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஆனாலும் விடமாட்டேன். விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்து ஊசியை இறக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் "அவ்ளோதானா?" என்று கேட்பாரே, அதை மறுபடி கேட்க வேண்டும். அதற்காக மட்டும்தான் செய்தேன்.

பிறகு உன் ஆப் வந்தது. டிக் போட்டால் நட்சத்திரம் சுழன்றது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, மணியை எண்ணுவதை விட்டுவிட்டு நட்சத்திரத்தை எண்ண ஆரம்பித்தேன்.

அறுபத்திரண்டாம் நாள் காய்ச்சல். சாயங்காலம் போன் அதிர்ந்தது. "உங்கள் துணை இன்று முடித்துவிட்டார். நீங்கள்?" பாவம், என்னால் ஏணியின் எண்ணிக்கை போய்விடுமே என்று டிக்கை அழுத்திவிட்டேன். நட்சத்திரம் வழக்கம்போல் சுழன்றது. அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல் இல்லை, ஆனாலும் அழுத்தினேன். முதல் நாள் கூசியது. நான்காம் நாள் கூசவில்லை. மார்ச் மாதம் முழுக்க மணியைத் தொடவே இல்லை.

ஒரு நாள் ஏணி எழுதியிருந்தார்: "நீங்க முடிச்சதப் பாத்துதான் இன்னிக்கு எழுந்தேன்." அன்று முழுக்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது. ஏமாற்றிக்கொண்டே ஒருவருக்கு உதவியாக இருக்க முடியுமா? உன் படிப்பில் பதில் இருக்கிறதா?

பிசியோதெரபி பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள், கை ஏன் அப்படியே நிற்கிறது என்று. நானும் அவளுடன் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

மேடையில் நீ காட்டியது யாரையோ. அது நானில்லை. திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டு.

அக்கா


ஜூன் 20

அக்கா,

திட்டத்தான் போகிறேன்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? வாராவாரம் கூப்பிட்டு "எப்படி இருக்கு கை?" என்று கேட்டேனே? "ஜம்முனு இருக்கு"ன்னு சொன்னாயே? அந்த எண்ணிக்கையை நம்பித்தான் நான் மேடை ஏறினேன். இரண்டு வருடம் அந்தக் கோத்துவிடும் ஏற்பாட்டுக்காக உழைத்திருக்கிறேன். நூற்றுக்கு அறுபது என்று எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அறுபதில் எத்தனை ஊசிகள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கை போய்க்கொண்டிருக்கிறது. நான் என் எண்ணிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நாளைக்குத் தொடர்கிறேன்.

ஜூன் 21

நேற்றுப் போட்ட வரிகளைக் கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

இன்று காலை ஆபீஸுக்குப் போனதும், செய்யக் கூடாததைச் செய்தேன். ஏணியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் பெண்ணல்ல. வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோளில் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆனவர். மே 23ஆம் தேதி எங்கள் புகார்ப் பெட்டிக்கு எழுதியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

"தோள் மறுபடி கிழிஞ்சிடுச்சு. ரெண்டு வாரமா வலி இருந்துச்சு. பக்கவாதம் வந்தவங்களே ஒரு நாள் விடாம செய்யறாங்க, நமக்கு என்ன கேடுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு செஞ்சேன். இப்ப டாக்டர் ஒண்ணும் செய்யக் கூடாதுங்கறாரு. என்னால அவங்க எண்ணிக்கையும் போச்சு. அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."

அதற்கு எங்களிடமிருந்து தானாகப் போன பதில்: "நன்றி! ஒவ்வொரு நாளும் ஒரு புதிய தொடக்கம். இன்றே முதல் நாளாகத் தொடங்கலாமா?"

அதையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மத்தியானம், டீ குடித்துக்கொண்டே.

வாலு


ஜூன் 26

வாலு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவர் என்னிடமா மன்னிப்புக் கேட்டார்?

அவர் வலியோடு கையைத் தூக்கிய அந்த இரண்டு வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் மணி ஐந்தரைக்கு டிக் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கியது ஞாபகம் இருக்கிறது. இடது கையால்.

அவர் வருத்தப்படக் கூடாது என்றுதான் போட்டேன். அந்த டிக்தான் அவரைத் தள்ளியிருக்கிறது. தள்ளியது நானா? உன் வரியா? அவருடைய பிடிவாதமா? உன் மாமாவிடம் கேட்டேன். "யாரும் கெட்டது நினைக்கலியே" என்றார். அதுதானே இன்னும் மோசம்?

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். அனுமதி இல்லை என்று மறுபடியும் எழுதாதே. அனுமதி வாங்கு.

அக்கா


ஜூலை 8

அக்கா,

வாங்கிவிட்டேன். அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். நான் கம்பெனிப் பெயரைச் சொன்னதும், "இன்னிக்குமா முதல் நாள்?" என்றார். நீ பார்க்க விரும்புவதாகச் சொன்னேன்.

"ஊசியா? அவங்க டெய்லர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! அவங்க கை எப்படி இருக்கு?"

"அவங்களே சொல்வாங்க."

"வரட்டும். பரிதாபப்பட்டுக்கிட்டு வர வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."

நீ செய்யாமல் டிக் போட்டதை நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. முகவரி இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். பெயர் கேட்காமல் அறுநூறு பேருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: செய்யாமலே டிக் போட்டதுண்டா? இருநூற்று எண்பது பேர் பதில் சொன்னார்கள். நூற்று எழுபத்தொரு பேர் ஆமாம் என்றார்கள். காரணத்தையும் சேர்த்து எழுதியவர்களில் பெரும்பாலோர் சொன்னது, "துணைக்கு நஷ்டமாகிவிடக் கூடாதே என்று." நல்ல மனசை வைத்துப் பொய்யை வளர்த்திருக்கிறோம். படம் வரையப் பிடித்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவிட்டார்கள், பிறகு அந்தக் குழந்தைகள் தாங்களாகவே வரைவது குறைந்துபோனது என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். வேலைக்கு வந்ததும் எங்கே போனது அந்த நான்கு பக்கம்?

மீட்டிங்கில் எல்லாவற்றையும் வைத்தேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், அக்கா என்று சொல்லியே. மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக் போடறாங்கல்ல? தினமும் ஆப்பைத் திறக்கறாங்கல்ல? அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். வாக்குவாதம் முற்றி, கடைசியில் சிகிச்சைக்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும் அந்தப் பூஜ்ய விதியை எடுத்தார்கள். என் வரியும் போனது. என்னையும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரே வாரத்தில் பாதிப் பேர் ஆப்பைத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதியில் உண்மையாகச் செய்துகொண்டிருந்தவர்களும் இருப்பார்களே? ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னை ஏன் தனியா விட்டுட்டீங்க?" அதற்கு என்ன பதில் எழுத? மூன்று நாளாகத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாலு


ஜூலை 19

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. மூலையில் பெயிண்ட் டப்பாக்கள், மூடி இறுகிப்போய். கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது.

"நீங்க ஊசியா?"

"ஆமா. நீங்க ஏணியா?"

இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எந்த நாள்லேர்ந்து?" என்று மட்டும் கேட்டார்.

"அறுபத்திரெண்டு."

அவருடைய பயிற்சி, சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே மேலே ஏற்றுவது. ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறார். இடுப்பு உயரத்திலிருந்து ஆரம்பித்து, எறும்பு வரிசை மாதிரி ஏறிப் போகிறது. அவர் இடது கையால் தடவித் தடவி அறுபத்திரண்டைக் கண்டுபிடித்தார். அது அவருடைய நெஞ்சு உயரம்.

"இதுக்கு மேல இருக்கறதெல்லாம் நான் தனியா ஏறினதா?"

"கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றார். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். போய்விடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. இடது கையால் ஒவ்வொன்றாக இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"மே மாசம் வலிச்சப்போ நீங்க செய்யலன்னு தெரிஞ்சிருந்தா நானும் படுத்திருப்பேன். தோள் தப்பிச்சிருக்கும். ஆனா பிப்ரவரிலயே தெரிஞ்சிருந்தா அப்பவே படுத்திருப்பேன். கை நெஞ்சுக்கு மேல ஏறியே இருக்காது. உள்ள உக்காந்து இதையேதான் யோசிச்சேன். எந்தப் பக்கமா கோபப்படறதுன்னு தெரியலங்க."

"எனக்கும் தெரியல."

"டீ ஆறுது, குடிங்க."

மறுபடி ஆபரேஷன் செப்டம்பரில். ஏணி ஏற முடியுமா என்று டாக்டர் வாய் திறக்கவில்லையாம். கிளம்பும்போது அவர் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சதும் சொல்றேன்" என்றார். நான் உன் மாமாவின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை லேபில் தேர்வு. ரப்பர் கை ஒன்றை மேசையில் வைத்து, "ம், எடுங்க" என்றார் தலைமை டாக்டர். நரம்பு கிடைத்துவிட்டது, விரலுக்கு அது மறக்கவில்லை. ஆனால் ஊசியைப் பிடித்த பிடி நிற்கவில்லை. இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாவது தடவை கீழேயே விழுந்தது.

"வீட்ல பயிற்சி பண்றீங்கல்ல? நூத்தி அறுபது நாள்னு வீடியோலகூடப் பாத்தேனே" என்றார்.

ஆமாம் என்று சொன்னால் நோயின் மேல் பழி போய்விடும். பரிதாபப்பட்டு ஏதாவது செய்வார். வாய் வரை வந்துவிட்டது.

"பண்ணல டாக்டர். அஞ்சு மாசமா பண்ணல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. "அக்டோபர்ல இன்னொரு தடவை பாக்கலாம். அதுதான் கடைசி" என்றார். அதிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை கவுன்ட்டர்தான்.

வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை உன் மாமா வேலைக்குப் போன பிறகு மணிகளை எடுத்து வைத்தேன். போன் பீரோவில். யாரும் பார்க்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. முப்பத்தேழு மணி எடுத்தேன், பதின்மூன்று உருண்டு ஓடிவிட்டது. யாருக்காகச் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். லேபுக்காகவா, ஏணிக்காகவா, வெட்கத்தினாலா? எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதினால் உன்னிடம் சொல்வதற்காகச் செய்தது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமையை எழுதிவிட்டேன், போகட்டும். இன்று காலை செய்தேனா இல்லையா என்பதை எழுதப்போவதில்லை. நீ கேட்கவும் கூடாது.

அக்கா